வசிப்பது ஒரு நாடு, சான்றிதழ் வேறு நாடு, கப்பலோ மூன்றாவது நாடு

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு அங்கே குடியேறி ஒரு வருடம் ஆகிறது. வதிவிட அனுமதி இருக்கிறது. என் சி.ஓ.சி. (தகுதிச் சான்றிதழ்), சி.டி.சி. (கடல் பணிப் பதிவேடு) இரண்டும் பிறந்த நாட்டில் வாங்கியவை. அவற்றை இங்கே மாற்ற வேண்டுமா? வரி எங்கே கட்டுவது? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: மாற்ற வேண்டியதில்லை. உங்கள் தகுதியைக் கேட்பது நீங்கள் குடியிருக்கும் நாடு அல்ல, கப்பலின் கொடி நாடு, அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாடு. லைபீரியா கொடியுள்ள கப்பலில் ஏறினால், உங்கள் சி.ஓ.சி.யை ஏற்று லைபீரியா தரும் எண்டார்ஸ்மென்ட் (அங்கீகாரச் சான்று) வேண்டும். கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. 1978 சர்வதேச உடன்படிக்கையின் ஏற்பாடு இது. எண்டார்ஸ்மென்ட் கைக்கு வரத் தாமதமானாலும், விண்ணப்பித்ததற்கான சான்றை வைத்து 3 மாதம் வரை வேலை பார்க்கக் கொடி நாடு அனுமதிக்கலாம். வசிக்கும் நாட்டுக் கொடியுள்ள கப்பலில் சேர விரும்பினால்தான் அந்த நாட்டுக் கப்பல் துறையை அணுக வேண்டியிருக்கும். அப்போதும், உங்கள் சி.ஓ.சி.யை வழங்கிய நாட்டோடு அதற்கு அங்கீகார ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதுப்பிக்கும்போதுதான் வெளிநாட்டு வாசம் கொஞ்சம் இடிக்கும். சி.ஓ.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை, வழங்கிய நாட்டிலேயே புதுப்பிக்க வேண்டும். தீயணைப்பு, உயிர்காப்பு ரெஃப்ரெஷர் பயிற்சிகளை வீட்டுக்குப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். பணம் கட்டும் முன், அந்த மையத்தின் சான்றிதழ் செல்லுமா என்று வழங்கிய நாட்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவச் சான்றிதழுக்கும் இதே கதைதான்: அதிகபட்சம் 2 வருடம் செல்லும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர் தந்திருக்க வேண்டும்.

நான் பார்த்தவரை கடலோடிகள் கோட்டை விடுவது வதிவிட அனுமதியில். கப்பலில் கழியும் நாளை, குடியேற்றச் சட்டம் பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே கழிந்த நாளாகவே எண்ணும். ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ஆம் ஆண்டு விதிப்படி நீண்டகால வதிவிட உரிமை பெற 5 வருடம் தொடர்ந்து வசிக்க வேண்டும். அதற்குள் வெளியே இருந்த காலம் ஒரே மூச்சில் 6 மாதத்தை எட்டக் கூடாது, மொத்தம் 10 மாதத்தைத் தாண்டக் கூடாது. வருடத்தில் பாதி கடலில் இருப்பவருக்கு அந்த 10 மாதம் இரண்டாவது வருடத்திலேயே தீர்ந்துவிடும். விதிவிலக்கு தர உறுப்பு நாடுகளுக்கு இடமுண்டு. கடலோடிகளுக்கென்று தனி விதி இருக்கிறதா என்று உங்கள் நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில், அடுத்த கான்ட்ராக்டுக்குக் கிளம்பும் முன்பே கேளுங்கள். திரும்பி வந்து கேட்டால் போன நாட்கள் போனவைதான். சி.டி.சி.யில் விழும் சைன்-ஆன், சைன்-ஆஃப் (பணியில் சேர்ந்த, விடுபட்ட) முத்திரைப் பக்கங்களை ஸ்கேன் செய்து வையுங்கள். பாஸ்போர்ட் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். வதிவிட அனுமதி கார்டு காலாவதியாகும் தேதி கான்ட்ராக்டின் நடுவில் வந்தால், புதுப்பித்த பிறகே ஏறுங்கள்.

வரி விஷயத்தில் மெஸ் ரூமில் கேட்டதை மறந்துவிடுங்கள். ‘வருடத்தில் எந்த நாட்டிலும் 183 நாள் தங்கவில்லை, அதனால் வரியே இல்லை’ என்ற கணக்கு பல நாடுகளில் செல்லாது. வீடும் மனைவி மக்களும் இருக்கும் இடத்தைப் பார்த்தே உங்களை வரி வதிவாளர் என்று முடிவு செய்துவிடுவார்கள். நாடுகள் தமக்குள் செய்யும் வரி ஒப்பந்தங்களுக்கு முன்மாதிரியாக ஓ.இ.சி.டி. அமைப்பு வகுத்த ஒப்பந்தம் 2017-இல் மாற்றப்பட்ட பிறகு, சர்வதேசக் கப்பல் ஊழியரின் சம்பளத்துக்கு வரி விதிக்கும் உரிமையை வசிக்கும் நாட்டுக்கே தருகிறது. பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் கப்பல் நிறுவனம் நிர்வகிக்கப்படும் நாட்டுக்கும் அந்த உரிமை உண்டு. உங்களுக்குப் பொருந்தும் ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு வரி ஆலோசகரிடம் ஒருமுறை கேட்பது வீண் செலவல்ல. சமூகப் பாதுகாப்பை, கடலோடிகளின் தொழிலாளர் உரிமை பற்றிய எம்.எல்.சி. 2006 உடன்படிக்கை, வழக்கமாக வசிக்கும் நாட்டின் பொறுப்பில் விடுகிறது.

கான்ட்ராக்டில், வேலை முடிந்து திருப்பி அனுப்பும் இடம் என்ற வரியைப் பாருங்கள். மேனிங் ஏஜென்சி (கப்பலுக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம்) பழைய படிவத்தையே நகலெடுத்து, பிறந்த நாட்டு விமான நிலையத்தைப் போட்டிருக்கும். வசிக்கும் நாட்டையும் தேர்வுக்குரிய இடமாக வைக்கச் சொல்கிறது எம்.எல்.சி. கையெழுத்துக்கு முன் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கிருந்து வீட்டுக்கு வரும் டிக்கெட் உங்கள் பையிலிருந்துதான். வேலைக்குச் சேர்த்துவிட்டதற்கென்று ஏஜென்சி கட்டணம் கேட்டாலோ, விசாச் செலவை உங்கள் தலையில் கட்டினாலோ கொடுக்காதீர்கள். விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது.