கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏன் தீர்ந்துபோகிறது? கேள்வி பதில்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 20 வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக இருந்தேன். மருந்து எப்படி வருகிறது, ஏன் சில நாள் இல்லாமல் போகிறது, எதுவானாலும் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு சுகர் மாத்திரை கேட்டால் “ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கோங்க” என்கிறார்கள். அரசிடம் பணம் இல்லையா?

பதில்: நான் பார்த்தவரை பணம் காரணமில்லை தம்பி. 1995-லிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, ஒதுக்கிய தொகை அதில் இருக்கும், மருந்து எடுக்க எடுக்கக் கழியும். சிக்கல் இன்டென்ட், அதாவது எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்ற கோரிக்கைப் பட்டியல், எழுதுகிற இடத்தில்தான். போன மாதம் எழுதியதையே இந்த மாதமும் எழுதி அனுப்பினால், புதிதாகச் சேர்ந்த சுகர்காரர்களுக்கு மாத்திரை எங்கிருந்து வரும்? நான் இருந்த ஓர் இடத்தில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை 20-ஆம் தேதியே தீர்ந்துவிடும், யாரும் கேட்காத ஒரு சிரப் மட்டும் பெட்டி பெட்டியாகக் காலாவதியாகும். தினசரி கொடுத்த கணக்கைப் பார்த்து, கையில் ஒரு மாதத்துக்கு இருக்கும்போதே எழுத ஆரம்பித்த பிறகுதான் அது நின்றது.

கேள்வி: அரசு மாத்திரை வீரியம் குறைவு என்கிறார்களே?

பதில்: ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே வரும். தைரியமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பாம்பு கடித்தால் 30 கிலோமீட்டர் தள்ளி பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பக்கத்திலேயே மருந்து இருக்குமா?

பதில்: இருக்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பொடியாக வரும் குப்பியில் ஊசிக்கான கிருமி நீக்கிய தண்ணீர் விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். மருந்து இருந்தும் ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் முதல் டோஸ்கூடப் போடாமல் மேலே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. அட்ரினலின் ஊசி பக்கத்தில் இருந்தால் அந்த ஒவ்வாமையைச் சமாளிக்கலாம். அதனால் முதலில் அருகில் உள்ள இடத்துக்கே போங்கள், விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் முதல் டோஸ் போடச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் 108-ல் பெரியாஸ்பத்திரி.

கேள்வி: மருந்து இல்லையென்றால் நாங்கள் என்னதான் செய்வது?

பதில்: பேசாமல் திரும்பாதீர்கள். மருந்தின் பெயர், தேதி இரண்டையும் தாளில் எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். அங்கே பதில் வராவிட்டால் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள்.