தம்பி மேல் எஃப்ஐஆர்: முதலில் பிரிவைப் பாருங்கள்

வரப்புத் தகராறில் தம்பி மேல் 296(b), 115(2), 118(1) போட்டிருக்கிறார்கள், கைது செய்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் முதல் இரண்டும் (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது, காயம் ஏற்படுத்துவது) ஜாமீனில் விடக்கூடியவை. சிக்கல் 118(1)தான்: ஆபத்தான ஆயுதத்தால் காயம், 3 ஆண்டு வரை சிறை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, கோர்ட்தான் முடிவு செய்யும் பிரிவு. கையில் நிஜமாகவே மண்வெட்டி, கட்டை ஏதாவது இருந்ததா? வக்கீலிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

7 ஆண்டுக்குள் தண்டனையுள்ள வழக்கு என்பதால், பெரும்பாலும் போலீஸ் 35(3) நோட்டீஸ் தரும் (கைது செய்யாமல், விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ்; இந்தப் பிரிவு குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் உள்ளது). வந்தால் தவறாமல் ஆஜராக வேண்டும். ஆஜரானால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். கைது பயம் இருந்தால் செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் கேட்கலாம்.

வக்கீல் விஷயத்தில் பெரிய பெயரைத் தேடி அலையாதீர்கள். உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் கிரிமினல் வழக்கு நடத்துபவரே போதும். ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணை முடியும்வரை எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, ரசீதும் வாங்குங்கள். "போலீஸில் பேசி முடிச்சிடலாம்" என்று பணம் கேட்பவர் வேண்டவே வேண்டாம். பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். தகுதி இருந்தால் இலவசமாகவே வக்கீல் தருவார்கள்.