முதலில் தரையைப் பாருங்கள்: வளர்ப்பு யானைகள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காலைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குவோம்.

யானையின் முன்கால் நகத்தில் வெடிப்பு வந்து சீழ் பிடிக்கிறது. மருந்து போட்டால் ஆறுகிறது, கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது. வேறு மருந்து இருக்கிறதா?

கோளாறு மருந்தில் இல்லை, யானை நிற்கும் தரையில் இருக்கிறது. காட்டில் யானை நாளின் பெரும்பகுதி நடந்துகொண்டே மேயும். நடக்க நடக்க நகமும் உள்ளங்காலும் தானாகத் தேயும். சிமெண்ட் தரையில் கட்டிப்போட்டால் தேய்வது நின்றுவிடும், வளர்வது நிற்காது. நீண்ட நகம் தரையில் முட்டும், பாரம் அதன்மேல் இறங்கும், நகம் வெடிக்கும். அந்த வெடிப்பில் மூத்திரமும் லத்தியும் ஊறினால் சீழ் பிடிக்காமல் என்ன செய்யும்?

ஆசிய யானைக்குப் பொதுவாக முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நான்கு என மொத்தம் 18 நகங்கள். தினமும் ஒவ்வொரு காலையும் தூக்கச் சொல்லி, கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, நகத்தின் மேல்தோலை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தாலோ, அழுத்தும்போது காலை வெடுக்கென்று இழுத்தாலோ உள்ளே ஏதோ தொடங்கியிருக்கிறது. நாற்றம் அடித்தால் ஏற்கனவே தாமதம். அதிகம் வளர்ந்த நகத்தை அரத்தால் ராவலாம், ஆனால் பழகியவர்தான் செய்ய வேண்டும். ஒரே நாளில் அழகாக்கிவிட நினைக்காமல், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போதும். ஒரே நகத்தில் திரும்பத் திரும்பச் சீழ் வந்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், எலும்பு வரை போயிருக்கலாம். உயிரியல் பூங்காக்களில் யானைகளைக் கருணைக்கொலை செய்ய நேர்வதற்குக் கால், மூட்டு நோய்கள் முக்கியமான காரணம் என்பதால் இதை வெறும் நகப் பிரச்சினையாக நினைக்க வேண்டாம்.

தரைக்கு என்ன செய்வது? மண் தரைதான் நல்லது. அது முடியாத இடத்தில் கனமாக மணல் பரப்புங்கள். தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் இருக்கட்டும். தினமும் நடக்க விடுங்கள். இதற்கு மாற்றாக எந்த மருந்தும் இல்லை.

இரவில் நின்றபடியே தூங்குகிறது. யானைக்கு இது சகஜம்தானே?

நின்றபடி குட்டித் தூக்கம் போடுவது சகஜம். ஆனால் வளர்ப்பு யானை இரவில் சில மணி நேரமாவது ஒருக்களித்துப் படுக்க வேண்டும். படுக்கிறதா என்று தெரிந்துகொள்ள விழித்திருக்கத் தேவையில்லை. காலையில் விலாவைப் பாருங்கள், மண் ஒட்டியிருக்கும். பல நாளாக இரண்டு விலாவும் சுத்தமாக இருந்தால், மூட்டு வலியால் எழ முடியாதோ என்று பயந்து படுக்காமல் இருக்கலாம். சங்கிலி நீளம் போதாமலும் இருக்கலாம். சாய்ந்து படுத்து எளிதாக எழும்படி ஒரு பக்கம் மணல் மேடு போட்டுக் கொடுங்கள். வயதான யானைகளுக்கு இது பெரிய உதவி.

எங்கள் யானை எப்போதும் தலையை ஆட்டி, உடம்பை அசைத்துக்கொண்டே இருக்கிறது. பார்க்க வருபவர்கள் ஆடுகிறது என்று ரசிக்கிறார்கள்.

ரசிக்க எதுவும் இல்லை. செய்ய வேலையும் போக இடமும் துணையும் இல்லாத யானை இப்படித்தான் ஒரே அசைவில் மாட்டிக்கொள்ளும். காட்டில் 16 மணி நேரம் வரை தீனி தேடித் தின்னும் விலங்குக்கு, இரண்டு வேளை தீனியைக் காலடியில் குவித்துவிட்டால் மிச்ச நேரத்துக்கு அது என்ன செய்யும்? அதே தீனியைப் பிரித்து, பல இடங்களில், சிலவற்றை எட்டிப் பறிக்கும் உயரத்தில் வையுங்கள். இலை தழையோடு கிளையாகவே கொடுங்கள். உரித்து, உடைத்துத் தின்பதிலேயே பொழுது போகும். பெண் யானை குடும்பமாக வாழும் பிராணி, அதனால் தொட்டுப் பழகும் தூரத்தில் இன்னொரு யானை இருப்பது பெரிய விஷயம். சங்கிலி நேரத்தையும் குறையுங்கள். வருடக்கணக்கில் பழகிய அசைவு முழுதாக நிற்காமல் போகலாம். குறைந்தாலே சரியான வழியில் போகிறீர்கள்.

குளிப்பாட்டி முடித்ததும் மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்கிறது. தடுக்கலாமா?

வேண்டாம். வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் அதன் பாதுகாப்பு.

மதம் வந்தால் தீனியையும் தண்ணீரையும் குறைத்தால் சீக்கிரம் இறங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பட்டினி போட்டால் சீக்கிரம் இறங்குவது உண்மைதான். உடம்பு தளர்ந்துபோனால் மதமும் குறையும், அவ்வளவுதான். அதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. மதம் நோயே அல்ல. வளர்ந்த, ஆரோக்கியமான ஆண் யானைக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறும் காலம். தண்ணீரைக் குறைத்தால் குடல் அடைப்பில் கொண்டுபோய் விடும். தானியத் தீனியைக் குறைக்க வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். பசுந்தீவனத்திலும் தண்ணீரிலும் கை வைக்காதீர்கள்.

கன்னத்தில் மதநீர்ச் சுரப்பி வீங்குவது, அப்புறம் அது ஒழுகுவது, மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போவது என அறிகுறிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வருடமும் தேதியைக் குறித்து வைத்தால் அடுத்தது எப்போது என்று ஓரளவு கணிக்கலாம். பலமான, நிழலுள்ள, கூட்டம் வராத இடத்தை முன்கூட்டியே தயார் செய்துவிடலாம்.

பாகனுக்குப் பல வாரங்களாக இருமல். யானையைப் பார்த்துக்கொள்ள விடலாமா?

சளிப் பரிசோதனை முடியும் வரை விடாதீர்கள். மனிதருக்கு வரும் அதே காசநோய்க் கிருமி யானைக்கும் தொற்றும், யானையிடமிருந்து மனிதருக்கும் திரும்பும். யானையிடம் அறிகுறி லேசில் தெரியாது. மெலியத் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கும். சோதிக்க, துதிக்கைக்குள் உப்பு நீரை ஊற்றி, தூக்கச் சொல்லி, பிறகு சுத்தமான பையில் ஊதி வெளியேற்ற வைத்துப் பிடிக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் எடுப்பது வழக்கம். நோய் உறுதியானால் மாதக்கணக்கில் மாத்திரை. கசப்பு மாத்திரையை மோப்பம் பிடித்து ஒதுக்கும் யானையைச் சாப்பிட வைப்பது தனிப் போராட்டம்.

இன்னொன்று. பாகனுக்கும் உதவியாளருக்கும் வருடம் ஒருமுறை பரிசோதனை செய்யுங்கள், நோய் என்றால் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். சம்பளம் பிடிப்பீர்கள் என்று தெரிந்தால் அவர் இருமலைச் சொல்லவே மாட்டார்.