சாதாரணக் கண்ணாடி இருக்கும்போது விலை மிகுந்த சிலிக்கா கண்ணாடி எதற்கு?

சன்னல் கண்ணாடியும் பெரும்பகுதி மணல்தானே, பிறகு சிலிக்கா கண்ணாடிக்கு மட்டும் ஏன் இத்தனை விலை என்று கேட்டிருக்கிறீர்கள். வேதியியல் ஆய்வகத்தில் இரண்டையும் கையாண்டு வருபவன் என்ற முறையில் என் பதில்: வேறெதையும் சேர்க்காமல் செய்வதற்குத்தான் அந்த விலை.

சன்னல் கண்ணாடியில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான் சிலிக்கா, அதாவது மணலின் முதன்மைப் பொருளான சிலிக்கான் டைஆக்சைடு. எஞ்சியது பெரும்பாலும் சோடாவும் சுண்ணாம்பும். சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்களாலான வலைப்பின்னலைச் சோடா ஆங்காங்கே அறுத்துவிடுவதால் கண்ணாடி குறைந்த வெப்பத்திலேயே இளகுகிறது. சிலிக்காவை மட்டும் உருக்க 1,700 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அப்போதும் அது மிகுந்த பாகுநிலையில் இருப்பதால், உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகள் எளிதில் வெளியேறுவதில்லை.

அந்த உழைப்புக்குக் கிடைக்கும் பலன் பெரிது. ஒரு மீட்டர் நீளமுள்ள சன்னல் கண்ணாடித் துண்டை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். சிலிக்கா கண்ணாடியோ 0.06 மில்லிமீட்டர்கூட நீளாது. செந்தணலாகக் காய்ந்த சிலிக்கா குழாயைத் தண்ணீரில் இட்டாலும் அது வெடிக்காமலிருப்பது இதனால்தான். 1969இல் அப்பல்லோ 11 குழுவினர் நிலவில் வைத்த எதிரொளிப்பானின் 100 பட்டகங்களும் சிலிக்கா கண்ணாடியால் ஆனவை. பகலின் கொடும் வெயிலையும் இரவின் கடுங்குளிரையும் தாங்கி, பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை அவை பல பத்தாண்டுகளாகத் திருப்பி அனுப்பி வருகின்றன.

புற ஊதாக் கதிர்களையும் அது நன்றாகக் கடத்தும். டி.என்.ஏ. கரைசலின் செறிவை 260 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறோம். அந்த ஒளியைச் சாதாரணக் கண்ணாடிக் குப்பி விழுங்கிவிடும் என்பதால், அங்கே சிலிக்கா குப்பி தேவைப்படுகிறது.

ஆனால் தூய்மையின் மதிப்பை எனக்கு முழுமையாக உணர்த்துவது, ஒளியின் வழியே தகவலைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையான ஒளியிழைதான். இழையில் ஒளி மங்குவதற்குக் கண்ணாடியின் இயல்பைவிட அதிலுள்ள மாசுகளே காரணம் என்று 1966இல் இயற்பியலாளர் சார்லஸ் காவோ தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து விளக்கினார். அதற்கு முன்பே, 1934இல், அமெரிக்கக் கண்ணாடி நிறுவனமான கார்னிங்கின் வேதியியலாளர் ஃபிராங்க்ளின் ஹைடு, மணலை உருக்காமல் சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியைச் சுடரில் எரித்து மிகத் தூய சிலிக்காவைப் பெறும் வழியைக் கண்டிருந்தார். ஆவியிலிருந்து பெறும் இத்தகைய சிலிக்காவால் ஆன இன்றைய இழையில், 1,550 நானோமீட்டர் ஒளி பாதியாகக் குறைவதற்கே சுமார் 15 கிலோமீட்டர் கடக்க வேண்டும்.

வாங்கினால் ஒன்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். உலையில் வைக்கும் சிலிக்கா குழாயை வெறுங்கையால் தொடாதீர்கள்; வியர்வை உப்பிலுள்ள சோடியம், 1,000 டிகிரிக்கு மேல் அவ்விடத்தைப் படிகமாக்கி, வெண்மை படரச் செய்து, குளிரும்போது விரிசல் விழவைக்கும். ஆல்கஹாலால் துடைத்து, கையுறையுடன் வைப்பதே முறை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சூடான காரக் கரைசல்களும் இதையும் அரிக்கும்.

உங்கள் வேலை 400 டிகிரிக்குள், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே முடியுமானால், போரான் சேர்த்துச் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியே பெரும்பாலும் போதும்.