திருகோணமலையில் ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவு) வரும் நாரி நோக்காரரை (இடுப்பு வலிக்காரரை) வைத்து இறுதியாண்டு ஆய்வு செய்வதில் என்ன கஷ்டம்?

இங்கே இப்படியொரு ஆய்வுக்கு ஓபிடி வாங்கிலில் இருந்து படிவம் நிரப்பியவன் நான். ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஆனால் சேர்த்த ஆளைத் திரும்பப் பிடிப்பது அதைவிடப் பெரும்பாடு.

நாரி நோவோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்னதுதான் காரணம் என்று காட்ட முடியாது. மருந்தை வாங்கிக்கொண்டு போனால் பலர் பிறகு வருவதில்லை. வராதவரைச் 'சுகம்' என்று எழுதிவிடாதீர்கள். 1998இல் ஆய்வாளர் பீட்டர் குரொஃப்ட் குழுவினர் இங்கிலாந்தில் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேர் மூன்று மாதத்துக்குமேல் அந்த நோவுக்காக டொக்டரிடம் போகவில்லை. ஒரு வருடம் கழித்து விசாரித்தால், முழுக்கச் சுகமானவர்கள் 25 வீதம்தான்! அங்கே ஆளாளுக்கு ஒரு குடும்ப வைத்தியர், பதிவு எல்லாம் உண்டு, தேடிப் பிடிக்கலாம். இங்கே மூதூர்க்காரர் இன்றைக்கு மூதூர் ஆஸ்பத்திரி, நாளைக்குத் திருகோணமலை, அதற்கப்புறம் பரியாரியாரின் (நாட்டு வைத்தியரின்) எண்ணெய். அதனால் முதல் நாளே வீட்டில் இன்னொருவருடைய போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். எண்ணெய் பூசியதை டொக்டருக்கு மறைப்பார்கள், அதை வெள்ளைக் கோட்டு போடாத ஒருவர் கேட்கட்டும்.

அடுத்தது படிவம். நாரி நோ அன்றாட வேலையை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க எல்லோரும் எடுக்கிற ரோலண்ட்-மொரிஸ் படிவத்தில் 24 கூற்றுகள். சொக்ஸ் போடக் கஷ்டம், கைப்பிடியைப் பிடித்துத்தான் மாடிப்படி ஏறுகிறேன் என்றெல்லாம் வரும். கரைவலை இழுக்கிறவரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். 'இல்லை' என்றே விழுந்து, நோ குறைவு போலத் தெரியும். அதற்காகக் கூற்றுகளை வெட்டாதீர்கள், வெட்டினால் வேறு ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. வலை இழுப்பது, குந்தியிருப்பது, வள்ளத்து எஞ்சின் தூக்குவது பற்றிய கேள்விகளைத் தனியாகச் சேருங்கள்.

மாதத்தையும் பாருங்கள். ஐப்பசியில் ஆளைச் சேர்த்து தை மாதம் திரும்பக் கேட்டால், நடுவில் வாடைக் காற்றுக் காலத்துக் கொந்தளிப்பில் கடல் தொழில் இல்லாமல் உடம்பு ஆறியிருக்கும். பெயர் உங்கள் மருந்துக்குப் போய்விடும். 2014இல் வந்த அவுஸ்திரேலிய ஆய்வில் நாரி நோவுக்குப் பரசிட்டமோலை ஒழுங்காக எடுத்தவர்களில் பாதிப் பேர் சுகமாக 17 நாள், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் பாதிப் பேர் சுகமாக 16 நாள். ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் இரண்டுமே நல்ல மருந்துதான்.

என்னைக் கேட்டால், இறுதியாண்டு அவகாசத்துக்குள் சிகிச்சை ஆய்வு வேண்டாம். வந்தவர்கள் மூன்று மாதத்தில் எங்கெங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று மட்டும் பின்தொடருங்கள். எதிக்ஸ் கமிட்டிக்கு இப்போதே எழுதுங்கள், அனுமதி வர நாளெடுக்கும்.