30 நாளில் முதல் பக்கம்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடை நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 65,000 ரூபாய் செலவில் இணையதளம் அமைத்தேன். இதுவரை அதன் வழியாக ஒரு விசாரிப்புகூட வரவில்லை. மாதம் 18,000 ரூபாய் வீதம் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினால், 30 நாளில் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக ஒரு நிறுவனத்தினர் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். 1,08,000 ரூபாய்க்கு இரண்டு நல்ல விளக்குகளுக்கான பித்தளையையாவது வாங்கிப் போடுங்கள்.

எந்தச் சொல்லைத் தேடினால் முதல் பக்கம் என்று அவர்களைக் கேட்டீர்களா? உங்கள் கடையின் பெயரைத் தட்டுகிறவருக்கு உங்கள் தளம் முதலில் தெரிவது பெரும்பாலும் தானாகவே நடப்பது; அதைத்தான் மூன்றாம் மாதம் வண்ண அறிக்கையில் சாதனையாகக் காட்டுவார்கள். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. 'ஆயிரம் வெளி இணைப்புகள்', அதாவது பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்தைச் சுட்டும் இணைப்புகள், என்று அவர்கள் விற்பது, 2012 ஏப்ரல் முதலே கூகுளில் தளத்தைக் கீழே தள்ளக்கூடிய சரக்கு. 'மெட்டா கீவேர்ட்', அதாவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் தேடுசொற்கள், நிரப்பித் தருவதாகச் சொன்னால், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009-இலேயே கூகுள் அறிவித்துவிட்டதை நினைவூட்டுங்கள்.

உங்கள் தளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால், தளத்தைக் கட்டியவர் வேலை முடிந்தபின் ஒரு குறியை எடுக்க மறந்திருக்கக்கூடும். வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் அமைந்த தளமானால், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரீடிங்' என்ற பக்கத்தின் அடியில், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் சிறு கட்டம் ஒன்று இருக்கும். கட்டுமானம் நடக்கும்போது அதில் குறியிடுவார்கள்; பிறகு மறந்துவிடுவார்கள். கடையைத் திறந்துவிட்டு வாசலில் 'விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்ட கதை இது. குறியை எடுத்துவிடுங்கள். 'சர்ச் கன்சோல்' என்ற இலவசக் கருவியில் உங்கள் ஜிமெயில் கணக்கிலேயே தளத்தைப் பதிந்துகொண்டால், மக்கள் எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் மாதச் சந்தா இல்லாமல் கிடைக்கும்.

அடுத்தது எழுத்து. கடையில் வாடிக்கையாளர் என்ன கேட்கிறார்? எத்தனை அடி, எத்தனை கிலோ, உச்சியில் அன்னம் உண்டா, ஐந்து முகமா, மரை கழற்றிப் பிரித்து எடுத்துச் செல்லலாமா, கோயம்புத்தூருக்கு லாரியில் போடுவீர்களா, என்ன விலை என்றுதானே. உங்களுடையதைப் போன்ற தளங்களில் நான் பெரும்பாலும் பார்ப்பது, 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரியும் சுழலும் படங்களும் மட்டுமே. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு பக்கம் வையுங்கள். தலைப்பிலேயே '5 அடி அன்னக் குத்துவிளக்கு, நாச்சியார்கோவில்' என்று எழுதுங்கள். உயரம் கண்ணுக்குப் புலப்படும்படி பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுங்கள். பித்தளை விலை ஏறி இறங்குவதால் விலையைப் போட முடியாது என்பீர்கள். தேதியிட்டுப் போடுங்கள், 'விலைக்கு அழைக்கவும்' என்பதைக் கண்டவுடன் பலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அச்சகத்தில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த விலைப்பட்டியலை அப்படியே ஏற்றியிருந்தால், அதைத் தேடுபொறி தமிழாகப் படிக்காது. தேடுபொறியும் கைப்பேசியும் தமிழாகவே அறிகிற யூனிகோடு என்ற பொது முறையில் திரும்பத் தட்டச்சு செய்யுங்கள். அந்த எழுத்துருவைப் போடு, இதைப் போடு என்று தளம் கட்டியவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

உங்களைப் போன்ற கடைக்கு இணையதளத்தைவிடவும் விரைவாகப் பலன் தருவது கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற வரைபடப் பதிவு. உங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் கல் கருடனைச் சேவிக்க வருகிறவர் சந்நிதியிலிருந்து வெளியே வந்து கைப்பேசியில் விளக்குக்கடை தேடினால், இணையதளங்களுக்கு முன்பாக வரைபடமும் அதில் பதிந்த கடைகளும்தான் பெரும்பாலும் வருகின்றன. இதற்குக் கட்டணம் கிடையாது. 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவைப் புதுப்பிக்கப் பணம் கட்டுங்கள்' என்று வரும் அழைப்பு எதுவாயினும் ஏமாற்று.

இங்கே ஒரு விலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடைத்தரகர்கள் புகுவது இதன் வழியாகத்தான். அறிவித்த நேரத்தில் வாடிக்கையாளரை நேரில் சந்திக்கிற தொழிலுக்குத்தான் இந்தப் பதிவு. இணையத்தில் மட்டும் விற்கிறவருக்கு இது கிடையாது. வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்கிற மின்பணியாளர் போன்றவர்கள் முகவரியை மறைத்துவிட்டுப் பதியலாம். உங்கள் கடைத்தெருக் கடை தாராளமாகத் தகுதி பெறும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வார்ப்புப் பட்டறை, அங்கே யாரும் வந்து வாங்குவதில்லையென்றால், தகுதி பெறாது. பெயர்ப்பலகை மாட்டி, நேரம் அறிவித்து, பட்டறையிலும் ஆட்களை வரவேற்று விற்றால் அப்போது அதன் நிலை வேறு. இந்த நுணுக்கத்தைச் சொல்லாமல், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று உங்களுக்குக் கடையே இல்லாத ஊர்களில் பத்துப் பதிவுகள் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். பிடிபட்டால் உண்மையான கடையின் பதிவும் சேர்ந்து முடங்கலாம். அதன்பின் தெருப்பலகை, முகப்பு, நீங்கள் பூட்டைத் திறப்பது என்று காணொளி எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மறுமுனையில் பேச ஒரு மனிதர் கிடைக்க மாட்டார். தவறு செய்த தரகனும் அறியாமல் மாட்டிய வியாபாரியும் ஒரே படிவத்தை நிரப்பிக் காத்திருக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்கு நெடுநாளாகவே பொறுமை இல்லை. காசு கொடுத்து வாங்கும் நட்சத்திர மதிப்புரைகளுக்கும் இதே கதிதான்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஒன்றுக்கு. உங்கள் தளத்தின் முகவரி, அதாவது டொமைன், யார் பெயரில் இருக்கிறது? இருசக்கர வண்டி வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை தூங்காத நம் வியாபாரிகள், பல்லாண்டுகள் பயன்படுத்தப்போகும் முகவரியைத் தளம் கட்டிய தம்பியின் மின்னஞ்சலில் விட்டுவிடுகிறார்கள். என்னிடம் வந்த பாத்திரக்கடைக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் தவறாமல் பணம் கொடுத்திருந்தார்; வாங்கியவர் புதுப்பிக்காமல் கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டார்; முகவரி காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனது. பணம் யாருடையது என்று பதிவேடு கேட்பதில்லை, பதிவில் யார் பெயர் இருக்கிறது என்பதையே பார்க்கிறது. டொமைன் யாருடையது என்று பொதுவில் தேடிப் பார்க்கும் 'ஹூயிஸ்' விவரத்திலும் இப்போது உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும் என்பதால், அதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

ஆகவே தளம் கட்டியவருக்கு இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்: டொமைன் பதிவான கணக்கின் நுழைவு விவரம், பதிவில் உள்ள மின்னஞ்சலை உங்களுடையதாக மாற்றுதல், காலாவதித் தேதி. அவர் தயங்கினால் அடுத்த தவணைப் பணத்தை நிறுத்தி வையுங்கள்; ஆனால் காலாவதித் தேதி நெருங்கியிருந்தால் சண்டையைத் தள்ளிப்போட்டு, முதலில் புதுப்பிக்கச் செய்து ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.