பேட் மாட்டுவது ஒரு மணி நேர வேலை, படிய வைப்பது ஒரு காலை வேலை
வாசகர் கேள்வி: காரும் பராமரிப்பும்

கேள்வி: ஐயா, பெங்களூரு ஜே.பி. நகரில் வசிக்கிறேன். மற்றொருவர் பயன்படுத்திய போர்ஷே 718 கேமன் காரை வாங்கி ஓராண்டாக ஓட்டி வருகிறேன். அடுத்த மாதம் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்குப் பதிவு செய்திருப்பதால், நான்கு சக்கரங்களுக்கும் செயல்திறன் கூடிய பிரேக் பேட்களை வாங்கி வைத்திருக்கிறேன். டிஸ்க்குகள் பழையவையே. பேட்களை நானே மாட்டலாமா? மாட்டிய பின் 'பெட்-இன்' செய்ய வேண்டும், அதாவது படிய வைக்க வேண்டும் என்கிறார்களே, நகரில் 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் அது தானாகவே நடந்துவிடாதா?
– வாசகர், ஜே.பி. நகர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நகரில் நிதானமாக ஓட்டினால் பேட் தேயும், ஆனால் படியாது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேட். பேட்டின் முகம் டிஸ்க்கின் முகத்துக்கு ஒத்துவரும்படி தேய்வது பாதி வேலைதான். போதிய சூட்டில் பேட்டின் பொருள் மிக மெல்லிய படலமாக டிஸ்க்கின் மீது சீராக ஒட்டிக்கொள்வதே மீதிப் பாதி. அந்தப் படலம் அமைந்த பிறகு, இரும்பை உரசுவதால் வரும் பிடிப்போடு, பேட் தன் இனப் பொருளோடு ஒட்டியும் அறுந்தும் பெறுகிற பிடிப்பும் சேர்ந்துகொள்கிறது. செயல்திறன் பேட்களுக்கு நாம் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். புதிய இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. பழகாத கல்லில் தோசை திட்டுத் திட்டாக ஒட்டுவதைப் போலவே, பழகாத டிஸ்க்கில் பேட்டும் திட்டுத் திட்டாக ஒட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பேட்டில் உள்ள பல பொருள்களையும் பிணைத்து வைத்திருப்பது ரெசின். புதிய பேட் முதன்முறையாகக் கடும் சூட்டைக் காணும்போது அந்த ரெசினின் ஒரு பகுதி வாயுவாக வெளியேறி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் மசகு போல நிற்கும். அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டியின் வேகம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது. இது எப்படியும் ஒருமுறை நடந்தே தீர வேண்டியது. அது நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் நடக்கட்டும்; பந்தயத் தடத்தின் நேர்கோட்டு முடிவில், திருப்பம் நெருங்கும் இடத்தில் நடக்க வேண்டாம்.

நகர ஓட்டத்தில் ஏன் இந்தச் சூடு கிடைப்பதில்லை என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 540 கிலோஜூல். அறை வெப்பநிலையில் இருக்கும் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதே கார் 40 கிலோமீட்டரில் சென்றால் அந்த ஆற்றல் 86 கிலோஜூலாகச் சுருங்கிவிடுகிறது, ஏனெனில் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சில்க் போர்டு சந்திப்பில் நூறு முறை நின்று நின்று புறப்பட்டாலும், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையில் டிஸ்க் ஆறிவிடுவதால், படலம் உருவாகும் சூடு வந்து சேராது.

நீங்களே மாட்டலாமா என்றால், இதற்கு முன் ஒருமுறையாவது பேட் மாற்றிய அனுபவம் இருந்தால் தாராளமாக மாட்டலாம். இல்லையென்றால் முதல் முறை தேர்ந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். உங்கள் காரில் நான்கு சக்கரங்களிலும் பேட்டை டிஸ்க்கின் மீது அழுத்தும், நான்கு பிஸ்டன் கொண்ட நிலைத்த காலிப்பர்கள் இருக்கின்றன. ஆகவே ஒரு பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மற்றொன்று வெளியே வரப் பார்க்கும். எல்லாவற்றையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது மேலே உள்ள கலத்தில் பிரேக் ஆயில் ஏறும். அது வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்டை அரித்துவிடும் என்பதால், தொடங்கும் முன்பே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுவது நல்லது. பேட் தேய்மானத்தைத் தெரிவிக்கும் ஒயர்களைப் பிடித்து இழுக்காமல், இருந்த வழியிலேயே திரும்பப் பொருத்துங்கள். சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு, எதிரெதிர் வரிசையில் முறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்துவிடுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

பழைய டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்துவதில் தவறில்லை. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். உங்கள் டிஸ்க்குகள் துளையிட்டவை என்பதால், துளைகளைச் சுற்றிய விரிசல் ஒரு துளையிலிருந்து மறு துளைக்கோ விளிம்புக்கோ எட்டியிருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும், பழைய பேட் விட்டுச்சென்ற படலம் அதன் மீது இருக்கும். வேறு கலவையில் செய்த புதிய பேட் அந்தப் படலத்தின் மேல் சீராகப் படியாது. ஆகவே உப்புத்தாளால் இருபுறமும் வட்ட வட்டமாகத் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த பிறகே மாட்டுங்கள்.

இனிப் படிய வைக்கும் முறை. பேட்டோடு வந்த தாளில் தயாரிப்பாளர் எழுதியிருப்பதே உங்களுக்குச் சட்டம். நான் சொல்வது பொதுவான வழி. முதலில் 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமான அழுத்தத்தில் ஐந்தாறு முறை. அடுத்து 100 கிலோமீட்டரிலிருந்து 15 வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும் அளவுக்குச் சற்றுக் குறைவான அழுத்தத்தில், இடையில் ஆறவிடாமல் எட்டு முதல் பத்து முறை. எந்த முறையிலும் வண்டியை முழுமையாக நிறுத்திவிடக் கூடாது. நடுவில் வாடை வரும், சிலவேளை லேசாகப் புகையும் வரும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறைந்ததைப் போலத் தோன்றும். வெளியேறும் ரெசின் வாயுவே அதற்குக் காரணம். பிடிப்பு மீண்டு வந்த பிறகு, பிரேக்கைத் தொடாமல் குறைந்தது பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். பெங்களூரில் வேகம் பிடிக்க இடம் கிடைத்தாலும், பத்து நிமிடம் நிற்காமல் ஓட்ட இடம் கிடைப்பது அரிது. கொதிக்கும் டிஸ்க்கின் மீது பேட்டை அழுத்தியபடி ஒரு சிக்னலிலோ சுங்கச்சாவடியிலோ நின்றுவிட்டால், பேட் அழுத்திய அந்த ஒரே இடத்தில் பொருள் தடிப்பாக ஒட்டிக்கொண்டு, அதுவரை செய்த வேலையைக் கெடுத்துவிடும். ஆகவே எங்கே பிரேக் அடிப்பது என்பதற்கு முன்பே எங்கே ஆறவிடுவது என்று திட்டமிடுங்கள். நந்தி மலைப் பாதையை நினைக்கவே வேண்டாம். அது குறுகிய பாதை, விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் நிறைந்திருப்பார்கள், இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கால் எடுக்கவும் முடியாது.

உங்களுக்கு இருங்காட்டுக்கோட்டையே வாய்த்திருப்பது நல்வாய்ப்பு. முதல் கட்டத்தை மட்டும் ஒரு ஞாயிறு விடியலில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நெடுஞ்சாலைப் பகுதியில், பின்னால் பார்த்துச் சொல்ல ஒருவரை உடன் அமர்த்திக்கொண்டு முடியுங்கள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பயணத்தில் பெடலின் தன்மையும் உங்களுக்குப் பழகிவிடும். இரண்டாம் கட்டத்தை அங்கேயே, தடத்தில் ஓட்டும் முதல் சுற்றுகளில், ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 3.7 கிலோமீட்டர் தடத்தில் சிக்னல் இல்லை, பின்னால் லாரியும் இல்லை. முடிந்ததும் இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, பார்க்கிங் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். டிஸ்க் முழுவதும் சீரான நீலச்சாம்பல் நிறம் பரவியிருந்தால் படலம் அமைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பந்தயத்துக்கென்றே செய்த பேட்டாக இருந்தால் தடத்தில் மாட்டி, திரும்பும் முன் கழற்றிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் அதன் பிடிப்பு குறைவு. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டதும் குறுக்கே வரும் பிள்ளைக்கு முன் வண்டி நிற்க வேண்டும் அல்லவா?

கேள்வி: பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், அல்சூர்

பதில்: சூட்டால் டிஸ்க் வளைவது நாம் நினைக்கும் அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை. பெரும்பாலும் முன்சொன்ன தடிப்பான திட்டுகளே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் புதிய பேட்களைச் சூடேற்றிவிட்டு வரும் வழியில், சுங்கச்சாவடி வரிசையில் பிரேக்கை மிதித்தபடியே நின்றேன். வீடு வந்து சேர்வதற்குள் நடுக்கம் தொடங்கிவிட்டது. டிஸ்க்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி படிய வைத்ததும் அது நின்றது. ஆகவே மாற்றும் முன் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். டிஸ்க் பொருந்தும் ஹப்பின் முகத்தில் துரு இருந்தாலும், போல்ட்டுகள் ஏற்றத்தாழ்வாக முறுக்கப்பட்டிருந்தாலும் நேரான டிஸ்க்கும் கோணலாகச் சுழலும். ஆனால் திட்டுகளோடு நெடுநாள் ஓட்டிவிட்டால், அந்த இடங்கள் 650 டிகிரி செல்சியஸைக் கடந்து, அடியில் உள்ள இரும்பே சிமென்டைட் எனும் மிகக் கடினமான பொருளாக மாறிவிடும். அதன் பிறகு தேய்த்துப் பயனில்லை, மெக்கானிக் சொன்னபடி மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: டாட் 4 பிரேக் ஆயிலைவிட டாட் 5 உயர்ந்தது என்று ஊற்றலாமா?
– வாசகர், வைட்ஃபீல்டு

பதில்: கூடாது. டாட் 5 சிலிக்கோன் வகை. கிளைக்கால் வகையான டாட் 4 ஆயிலோடு அது கலக்காது, ஏபிஎஸ் உள்ள காருக்கும் ஏற்றதன்று. உயர்ந்தது வேண்டுமென்றால் டாட் 5.1 கேளுங்கள், அது கிளைக்கால் வகை. புதிதாக இருக்கும்போது டாட் 4 குறைந்தது 230 டிகிரியும், 5.1 குறைந்தது 260 டிகிரியும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பின் அவை முறையே 155, 180 என்று இறங்கிவிடும். அதனால் எந்த வகையை ஊற்றினாலும், தடத்துக்குப் போகும் முன் புதிதாக மாற்றி, பிரேக் குழாய்களில் உள்ள காற்றை எடுத்துவிடுங்கள். திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சம் இருப்பதை ஊற்ற வேண்டாம்.